எலி வளையானாலும் தனி வளை

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பார்கள் பெரியோர். ஊர் வீட்டை விற்றுப் பட்டணத்து அடுக்குமாடியில் குடியேறுவதா, இருக்கின்ற வீட்டிலேயே இருப்பதா என்ற கேள்வி 2019ஆம் ஆண்டில் எங்கள் குடும்பத்தில் எழுந்தபோது, இந்தப் பழமொழியை முதலில் எடுத்து வீசியவர் எங்கள் ஆயா, அதாவது அப்பாவைப் பெற்றவர். பழமொழியோடு முடிந்துவிடும் வழக்கா அது? ஐந்து மாதம் நடந்தது. உங்களில் பலர் வீட்டிலும் இதே பேச்சு நடக்கக்கூடும், அன்புத் தோழியரே. ஆகவே சகோதரியர் நாங்கள் இருவரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். அன்று எங்களில் மூத்தவள் ஐந்தாம் வகுப்பு, இளையவள் மூன்றாம் வகுப்பு.

எங்கள் ஊர் மொரப்பூர். சென்னையிலிருந்து சேலம் செல்லும் இரயில் பாதையில், ஜோலார்பேட்டைக்கு இப்பால் உள்ள நிலையம். அப்பாவுக்குச் சென்னைக்கு மாற்றல் ஆயிற்று. வீட்டை விற்று, போதாததற்கு வங்கிக் கடனும் பெற்று, புறநகரில் இரண்டு படுக்கையறை உள்ள வீடு ஒன்றை வாங்கிவிடலாம் என்று அவர் திட்டமிட்டார். ஊரை விட்டுப் போவது புதுமையன்று. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள். நம் தருமபுரி மாவட்டத்திலோ 17 பேர்தாம். ஆகவே படித்தவர்கள் மூட்டை கட்டுவது இங்கே வாடிக்கை.

அம்மாவும் பட்டணத்துக்கே வாக்களித்தார். வாசல் தெளிப்பது, தொட்டி கழுவுவது, கரையான் புற்றைத் தட்டுவது, ஓடு மாற்ற ஆள் தேடுவது, இவையெல்லாம் தனி வீட்டில் யார் தலையில் விழுகின்றன? பெருமை வீட்டுக்காரருக்கு, உழைப்பு வீட்டுக்காரிக்கு! மேலும் அம்மா ஆசிரியப் பயிற்சி முடித்தவர். பட்டணத்தில் ஒரு வேலை கிடைக்கும் என்ற ஆசை அவருக்கு நெடுநாளாய் உண்டு. அந்த ஆசையைச் சிறிது என்று சொல்ல எங்களால் இயலாது.

அம்மாவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது: தண்ணீர். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பது தெரிந்ததே. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அது குடிக்கத் தகாது. பார்ப்பதற்குப் பளிங்குபோல் இருக்கும்; காய்ச்சினாலும் போகாது. பற்களில் பழுப்புக் கறை, பிறகு எலும்பிலும் மூட்டிலும் நோவு. ஆயாவின் பற்களே எங்களுக்குப் பாடப்புத்தகம். ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்த பின்னர்தான் காவிரி நீர் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தது. "தனி வளை என்கிறீர்களே அத்தை, வளைக்குள் குடிக்க என்ன இருந்தது?" என்று அம்மா கேட்டபோது ஆயா பதில் சொல்லவில்லை.

விற்கக் கூடாது என்றவர்களும் வந்தார்கள். மொரப்பூர் - தருமபுரி புதிய இரயில் பாதைக்கு அந்த ஆண்டு மார்ச்சில்தான் அடிக்கல் நாட்டினார்கள். 36 கிலோமீட்டர். "இனி மனை விலை எங்கேயோ போகும்" என்றார் பக்கத்து வீட்டுத் தாத்தா. 1906இல் இதே இரண்டு ஊர்களுக்கிடையே சிறிய இரயில் ஒன்று ஓடத் தொடங்கி, 1913இல் ஓசூர் வரை நீண்டு, போர்க்காலத்தில் 1941இல் நிறுத்தப்பட்டது. இரயிலை நம்பி மனைக்கு விலை வைப்பது நல்ல கணக்கன்று என்பது எங்கள் எண்ணம்.

கோடை விடுமுறையில் எல்லோரும் சென்னை சென்று வீட்டைப் பார்த்தோம். வீடு அழகாகத்தான் இருந்தது. பளபளக்கும் தரை, மின்தூக்கி, வாசலில் காவலாளி. அம்மாவின் முகம் மலர்ந்தது. ஆனால் பத்திர நகலில் அப்பா ஒரு கணக்கைக் கண்டார். அந்த மனை ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி. அதில் எட்டு வீடுகள். ஆளுக்கு வருவது பிரிக்கப்படாத பங்காக 300 சதுர அடி மண். ஒரு சென்ட் என்பதே ஏறக்குறைய 436 சதுர அடி அன்றோ? மொரப்பூரில் நாலு சென்ட்டை விற்று, மேலே கடனும் பட்டு, முக்கால் சென்ட்டுக்கும் குறைவான மண், அதுவும் எந்த மூலை நம்முடையது என்று காட்ட முடியாத மண்! கட்டடத்துக்கு வயதாகும், மண்ணுக்கு ஆகாது. அதை இடித்துக் கட்டுவதென்றாலும் நம் விருப்பம் மட்டும் போதாது. 2022இல் வந்த அடுக்குமாடிச் சட்டப்படி மூன்றில் இரு பங்கு உரிமையாளர் இசைய வேண்டும்.

அப்போதும் அம்மா அசையவில்லை. அவரை அசைத்தது அந்த ஆண்டுச் சென்னையின் வறட்சி. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. நாங்கள் பார்த்த அடுக்ககத்தில் லாரித் தண்ணீருக்கு முறை வைத்துக் காத்திருந்தார்கள். ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீர் ஏற்றிக்கொண்டு வில்லிவாக்கத்துக்கு இரயில் போயிற்று. மேட்டூர்க் காவிரி நீர்! எங்கள் ஊர் வழியாகச் செல்லும் அதே பாதையில், அடுத்த பெரிய சந்திப்பிலிருந்து. "நல்ல தண்ணீருக்காக நாம் அங்கே போகிறோம், தண்ணீரோ இங்கிருந்து போகிறது" என்று சொல்லி அம்மா சிரித்தார். அவ்வளவு மகிழ்ச்சியான சிரிப்பன்று அது.

முடிவில் வீட்டை விற்கவில்லை. அப்பா சென்னையில் உடன் பணிபுரிவோருடன் வாடகைக்கு ஓர் அறை எடுத்தார். பட்டணத்தில் வேலை இருக்குமட்டும் வாடகைக்கு இருக்கலாம், அதற்காக ஊர் மண்ணை விற்க வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பும். ஆயினும் அதற்கு விலை கொடுத்தோம். சனிக்கிழமை இரவு வந்து ஞாயிறு இரவு திரும்பும் அப்பாவைத்தான் நாங்கள் அறிவோம். 2020 ஊரடங்கில் அவர் வீட்டோடு இருந்தபோதுதான் இளையவள் அவரிடம் சைக்கிள் கற்றாள். அம்மா அரூரில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தார். சென்னையில் கிடைத்திருக்கக்கூடிய சம்பளம் அங்கே இல்லை. வாசல் கூட்டுவதை நாங்கள் மூவரும் முறைவைத்துக்கொண்டோம்.

இப்போது அப்பா ஓய்வுபெறும் காலம் நெருங்குகிறது. மூத்தவள் கல்லூரிக்குச் சென்னை செல்ல விரும்புகிறாள். அடுக்ககப் பேச்சு மறுபடியும் தலைகாட்டுகிறது. ஆயா அதே பழமொழியைத் தயாராக வைத்திருக்கிறார். அதற்கிடையில் சமையலறைப் பக்கம் ஓடு ஒழுகுகிறது. மழைக்கு முன்னே வருவதாகக் கொத்தனார் சொல்லியிருக்கிறார்.