எந்த ராமசாமி?

தோழியின் வம்சாவளிப் படத்தில் ஒரு ராமசாமி 116 வயது வாழ்ந்திருந்தார். பிறப்பு 1840, இறப்பு 1956. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதை விரித்துக் காட்டியபோது, "நல்ல வைரம் பாய்ந்த கட்டை போலிருக்கிறது" என்றேன். "சிரிக்காதீங்க அண்ணா, எங்க பெரியப்பா மகன் கஷ்டப்பட்டு வரைஞ்சது" என்றாள்.

அவரையும் குறை சொல்ல முடியாது. தலைப்பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். இங்கிருந்து கூலியாய்க் கப்பலேறிய ராமசாமிக்கு மகன் முனுசாமி, முனுசாமிக்கு மகன் மறுபடியும் ராமசாமி. தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆளாக்கினால் ஆயுசு கூடத்தானே செய்யும்? போதாக்குறைக்கு, வெள்ளைக்காரக் குமாஸ்தா கேட்ட குடும்பப்பெயர் நம்மிடம் இல்லை. கூடப்பிறந்தவர்களிலேயே ஒருவர் அப்பா பெயரையும், இன்னொருவர் நாயுடு, பிள்ளை என்று சாதிப்பட்டத்தையும் பதிந்துகொண்டு, இரண்டு தலைமுறையில் யாரோ எவரோ ஆகிவிட்ட வீடுகள் அங்கே நிறைய. டர்பன் இருக்கும் நேட்டாலின் வெள்ளையர்களோ இந்தியர் எல்லோரையுமே 'சாமி' என்று கூப்பிட்டார்கள். காந்தி தன் சுயசரிதையில் இதைப் பற்றிச் சொல்கிறார்.

மறுநாள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துக்குப் போனோம். டர்பனிலிருந்து எண்பது கிலோமீட்டர், மேட்டுப்பாங்கான சாலை. 1893இல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட நிலையம் அந்த ஊரில்தான் இருக்கிறது. எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். அன்று எனக்கு ராமசாமிதான் முக்கியம்.

1860 நவம்பர் 16 அன்று, கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான 'ட்ரூரோ' சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாய்ப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம். பெயர் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படித்தால் தலை சுற்றும். ராம்சாமி, ராமசாமி, ராமஸ்வாமி என்று குமாஸ்தாவின் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதியிருக்கிறார்கள். எழுத்து வித்தியாசத்தை வைத்து ஆளைப் பிரிப்பது வீண் வேலை. ஒரே ஆளையே வெவ்வேறு தாள்களில் வெவ்வேறு விதமாய் எழுதியிருப்பார்கள்.

எங்களிடம் இரண்டு ராமசாமிகள் மிஞ்சினார்கள். இருவருக்கும் தகப்பன் பெயர் முனுசாமி! ஒருவர் செங்கல்பட்டு ஜில்லா, 1863இல் வந்தவர், இடது புருவத்தின் மேல் வெட்டுத் தழும்பு. இன்னொருவர் வட ஆற்காடு, 1880இல் வந்தவர், முதுகில் மச்சம். பெரியப்பா மகன் வட ஆற்காட்டைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அந்தக் கிராமத்தின் பெயர் தெளிவாய்ப் படிக்க வருகிறது, ஊர் இன்றும் இருக்கிறது. வம்சம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான், கையில் அகப்பட்டவரைக் கொள்ளுத்தாத்தா ஆக்கிவிடுவார்கள்.

முடிச்சை அவிழ்த்தது மகன் முனுசாமியின் திருமணப் பதிவு. நாடா கட்டிய கோப்பில் பழுப்பேறிய ஒற்றைத் தாள். முனுசாமி அங்கேயே பிறந்தவர், பிறந்த ஆண்டு 1871. இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1866க்குப் பிறகு நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிக் கப்பல்களே போகவில்லை. நேட்டாலின் பொருளாதார மந்தத்தால் முதலில் நின்றது; பிறகு முதலில் போன கூலிகள் சிலர் ஊர் திரும்பிக் கொடுமைகளைச் சொல்ல, மறுபடி அனுப்ப இந்திய அரசு மறுத்துவிட்டது. விசாரணைக் கமிஷன் உட்கார்ந்து, கூலிகளுக்கென்று ஒரு பாதுகாவலர் பதவியும் ஏற்பட்டு, 1874இல்தான் மறுபடி கப்பல் விட்டார்கள். ஆக, 1880இல் கரையேறியவர் 1871இல் அங்கே பிள்ளை பெற்றிருக்க முடியாது.

அந்தத் தாளில் தகப்பனின் எண்ணும் இருந்தது, நான்கு இலக்கம். எண்கள் கப்பல் வாரியாக ஏறிக்கொண்டே போகும். முதல் ஆறு ஆண்டுகளில் வந்தவர்கள் ஆறாயிரத்துச் சொச்சம் பேர்தான். எண்ணைப் பார்த்தாலே எந்தக் காலத்து ஆள் என்று சொல்லிவிடலாம். பட்டியலுக்குத் திரும்பி அந்த எண்ணைத் தேடினோம். புருவத் தழும்புக்காரர். அடுத்த எண்ணில் ஒரு பெண், வயது பதினெட்டு, அதே ஜில்லா, அதே கிராமம். அவள் பெயரே திருமணத் தாளில் முனுசாமியின் தாய் பெயராகவும் இருந்தது. ஆண்களை மட்டும் வைத்து வம்சம் வரைகிறவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். ராமசாமிகள் எத்தனை பேரோ இருக்கலாம், இந்தப் பெண்ணோடு வந்த ராமசாமி ஒருவர்தான்.

செங்கல்பட்டுக் கிராமத்தின் பெயரை மூன்று விதமாய் வாசிக்கலாம். அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டாள், நான் ஊருக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

திரும்பும் வழியில் அவளுக்கு வேறு கவலை. பெரியப்பா மகன் வட ஆற்காட்டுக் கிராமத்துக்கே நேரில் போய், மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தாராளமாய்ப் பணம் கொடுத்து, கல்வெட்டில் பெயரும் போட்டுவிட்டு வந்திருக்கிறார். வருஷா வருஷம் ஆடிக்கும் பணம் போகிறது.

"அவர்கிட்ட யார் சொல்றது அண்ணா?"

"நீதான்."

"ஆடி முடியட்டும்" என்றாள்.