மவுஸ் வாங்கும் முன்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. ராட் 7, ஜி502, பாசிலிஸ்க் மூன்றில் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். மூன்றையும் ‘அட்ஜஸ்ட் பண்ணலாம்’ என்றுதான் கடையில் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொன்றிலும் மாறுவது வேறு. அதைப் பார்க்காமல் காசைக் கொடுத்துவிடாதே.

லாஜிடெக் ஜி502-இல் மாறுவது எடை. அடிமூடியைத் திறந்தால் 3.6 கிராம் கட்டிகள் ஐந்து வைக்க இடம் இருக்கும். ஆனால் 2014-இல் வந்த அந்த மாடல், கட்டி எதுவும் போடாமலே 121 கிராம். அதாவது எடையைக் கூட்டத்தான் முடியும், அதற்குக் கீழே இறக்க வழியில்லை. நீ ஆடுவது வாலரண்ட். டிபிஐ 800, சென்சிட்டிவிட்டி 0.4 என்று எழுதியிருந்தாய். அந்தக் கணக்கில் ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸ் சுமார் 40 செ.மீ. ஓட வேண்டும். பேடில் அவ்வளவு இடம் இருக்காது, பாதியில் தூக்கி மறுபடி வைப்பாய். ஒரு ராத்திரி முழுக்க இதையே செய்தால் ஒவ்வொரு கிராமும் மணிக்கட்டில் தெரியும்.

ரேசர் பாசிலிஸ்க்கில், 2017-இல் வந்த முதல் மாடலிலேயே, அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திருப்பினால் வீல் இறுகும், தளரும். கட்டைவிரல் பக்கம் கழற்றி மாட்டும் கிளட்ச்சும் உண்டு. அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரை டிபிஐ குறைந்திருக்கும். நல்ல வேலைப்பாடுதான், ஆனால் உன் ஆட்டத்துக்கு வீல் அவ்வளவாக வேண்டியதில்லை.

உருவத்தையே மாற்றுவது ராட் மட்டும்தான். எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். அதற்குள்ளேயே ஒரு ஆலன் கீ செருகியிருக்கும். அதை உருவித் திருகைத் தளர்த்தினால் கட்டைவிரல் பலகை முன்னும் பின்னும் நகரும், வெளிப்பக்கம் சாயவும் செய்யும். உள்ளங்கை தாங்கும் பகுதியைப் பின்னால் இழுத்து மவுஸை நீளமாக்கலாம். சுண்டுவிரல் பக்கத்துத் தகட்டையும் கழற்றி வேறு மாட்டலாம். தையற்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி கையில் உட்காரும். ஆனால் அத்தனை உலோகமும் சேர்ந்தால் கனம். அதோடு, ராட் செய்யும் மேட் கேட்ஸ் 2017-இல் திவாலாகி, அடுத்த வருடம் மறுபடி வந்த கம்பெனி. உன் நண்பன் விற்கும் ராட் பழைய சரக்கு. ஒரு தகடு தொலைந்தாலும் எங்கே போய்த் தேடுவாய்?

அதனால் மூன்றும் வேண்டாம் என்பேன். எதையும் மாற்ற முடியாத, உன் கைக்குப் பொருந்தும் லேசான மவுஸ் ஒன்று போதும். ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் 63 கிராமுக்கும் குறைவு; ஜி502-இன் பாதிதான். விலை கூடுதல் என்று தெரியும், மீதியை நான் தருகிறேன். ஒருவேளை எம்எம்ஓ ஆட்டங்கள் பக்கம் போனால் ரேசர் நாகா டிரினிட்டியைப் பார். அதில் 2, 7, 12 பட்டன் என்று மூன்று பக்கத் தகடுகள் காந்தத்தில் ஒட்டும்.

மணிக்கட்டு வலிக்கிறது என்று கடைசி வரியில் எழுதியிருந்தாயே, எனக்கு அதுதான் கவலை. மணிக்கட்டை வெட்டி வெட்டித் திருப்பாமல் முழங்கையிலிருந்து கையை நகர்த்து. இரண்டு நாள் ஆடாமல் இரு. அப்படியும் வலி நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே.

மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு ஸ்கேல் வைத்து அளந்து எழுது. உள்ளங்கை அகலமும் வேண்டும். அதைப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா