கதவு எந்தப் பக்கம் திறக்கும்?

வீட்டிலேயே பழைய கார் ஒன்றைப் பிரித்துப் பூட்ட ஆசைப்பட்டு என்னிடம் வருகிற பிள்ளைகள் எடுத்த எடுப்பில் சொல்வது, "அண்ணே, இடம் இருக்கு, பத்துக்கு இருபது." நான் திருப்பிக் கேட்பது, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று. வீட்டுக் கதவு இல்லை, வண்டிக் கதவு. அதை முழுசாகத் திறந்து, உள்ளே குனிந்து, கனமான சாமான் ஒன்றை மடியில் வாங்கிக்கொண்டு பின்னால் நகர வழி இருக்கிறதா? பத்துக்கு இருபதில் அது இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும்.

திருவண்ணாமலையில் மாட வீதியை ஒட்டின சந்துகளில் பழைய வீடுகள் நீளவாக்கில் கிடக்கும். முகப்பு கொஞ்சம்தான். உள்ளே நடை, கூடம், முற்றம், கடைசியில் கொல்லை. கொல்லைக்குப் பின்சந்து வழி இருந்தால் அந்த வீட்டுக்காரர் கொடுத்துவைத்தவர். எங்கள் கொல்லையில் மாடு கட்டின கொட்டகை ஒன்று இருந்தது. மாடு போன பிறகு அதில் விறகும் உடைந்த கட்டிலும் சேர்ந்து கிடந்தன. அதைக் காலிபண்ணிக் கேட்டபோது என் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: துளசி மாடத்துப் பக்கம் எண்ணெய்த் துணி வரக்கூடாது. இன்றுவரை வரவில்லை.

அந்தக் கொட்டகைக்கு ஏற்ற வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961-லிருந்து நம் சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூரில் செய்த வண்டி. நீளம் பன்னிரண்டே முக்கால் அடி, அகலம் ஐந்தடி. அம்பாசடர் என்றால் பதினாலு அடியைத் தாண்டும், அகலமும் அரையடி கூட. அந்த அரையடியில்தான் ஒரு ஆள் மண்டியிடுகிறான். பத்மினி ஹெரால்டைவிட நீளத்தில் கொஞ்சம் கூட, அகலத்தில் கொஞ்சம் குறைவு. ஆனால் அதற்குத் தனியாகச் சேஸ் கிடையாது, பாடியே சேஸ். அடித்தகடு துருப்பிடித்தால் வெல்டிங்காரரை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். ஹெரால்டில் பாடியைச் சேஸின் மேல் போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். துண்டு துண்டாகக் கழற்றலாம்.

ஹெரால்டின் பானட் மட்கார்டோடு சேர்ந்து, முழு மூக்கும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். திறந்தால் என்ஜின் மூன்று பக்கமும் வெட்டவெளி. முன்டயர் மேலேயே உட்கார்ந்து டேப்பட் வைக்கலாம், இடுப்பு வலிக்காது. ஆனால் முன்னால் மூன்றடி காலியாக இல்லாவிட்டால் அது திறக்கவே திறக்காது. சுவரை ஒட்டி நிறுத்திவிட்டு, "அண்ணே, பானட் இடிக்குது" என்று போன் போட்டவர்கள் உண்டு. அதைவிட நல்லது, பானட்டையே கழற்றிவிடுவது. சில போல்ட்டு, லைட்டுக்குப் போகும் ஒயர், அவ்வளவுதான். இரண்டு பேர் தூக்கிவிடலாம். தூக்கி எங்கே வைப்பது என்பதை முதலில் யோசித்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள். எங்கள் வீட்டில் கயிறு கட்டி மொட்டை மாடிக்கு ஏற்றினோம். அந்தச் சித்திரை முழுக்க அதன் மேல் வடாம் காய்ந்தது. பிறகு பெயிண்டுக்கு எடுத்தபோது உப்புக்கறையைத் தேய்த்து எடுத்தது தனி வேலை.

இன்னொன்று, ஹெரால்டில் கியர் பாக்ஸ் உள்ளேயிருந்தே வரும். முன்சீட்டு இரண்டையும் எடுத்து, நடுவில் இருக்கிற அட்டை மூடியைக் கழற்றினால் கியர் பாக்ஸ் கண் முன்னால் கிடக்கும். சம்புக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் என்ஜினைத் தாங்கிக்கொண்டு, புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிரித்து, பெல் ஹவுசிங் போல்ட்டுகளை எடுத்து, பின்னால் இழுத்துத் தூக்கி, இடது கதவு வழியாக இறக்கிவிடலாம். கிளட்ச் பிளேட் மாற்றக் குழியும் வேண்டாம், லிஃப்டும் வேண்டாம். முதலில் கதவைப் பற்றிக் கேட்டது இதற்காகத்தான். ஐந்தடி வண்டியைப் பத்தடிக் கொட்டகையின் நடுவில் நிறுத்தினால் இரண்டு பக்கமும் இரண்டரை அடி, எந்தப் பக்கமும் உருப்படியாக எதுவும் செய்ய முடியாது. வலது சுவரை ஒட்டி ஓரடி விட்டு நிறுத்துங்கள், இடது பக்கம் நாலடி கிடைக்கும். அந்தப் பக்கத்து வேலை முடிந்ததும் வண்டியைச் சந்துக்குத் தள்ளி, வீதி முனையில் திருப்பி, மூக்கை வெளியே வைத்து உள்ளே விடுங்கள். இப்போது வலது பக்கத்துக்கு நாலடி. இரண்டு கதவு ஹெரால்டு என்றால் கதவு நீளம், நாலடியும் இழுபறிதான்.

திருப்ப வேண்டுமென்றால் வண்டி சக்கரத்தில் நிற்க வேண்டும். அங்கேதான் இந்த ஊரின் கணக்கு குறுக்கே வருகிறது. பௌர்ணமிக்குப் பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம், ஊருக்குள் வண்டி நுழையாது. லேத்துக்குக் கொடுத்த டிரம் திரும்பி வராது, ஆட்டோக்காரர் வரமாட்டார். அதைவிடப் பெரிய சங்கதி, வேலூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் சொந்தக்காரர்கள் படுக்கக் கொட்டகைதான் கிடைக்கும். கழற்றிப் பரப்பின சாமானுக்கு நடுவில் சித்தப்பாவைப் படுக்கச் சொல்ல முடியுமா? அதனால் நான் வேலையைப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி என்றுதான் வெட்டுவேன். பௌர்ணமி கழிந்த மறுநாள் பிரிக்க ஆரம்பித்தால், அடுத்ததற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் அந்தப் பகுதி பூட்டியாகி, வண்டி நாலு சக்கரத்தில் நிற்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் முடியாத வேலையைத் தொடுவதில்லை. பிரேக் ஒரு மாதம், முன்பக்க சஸ்பென்ஷன் ஒரு மாதம், கியர் பாக்ஸ் ஒரு மாதம்.

இதைக் கேட்காத தம்பி ஒருவர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மொத்த வண்டியையும் பிரித்துப்போட்டார். நல்ல கைதான், வேகமும் உண்டு. ஆனால் பூட்டி நின்ற காரைவிடப் பிரித்த கார் மூன்று மடங்கு இடத்தை அடைக்கும். கட்டிலுக்கு அடியில் பட்டை, பரணில் சீட்டு, மாடிப்படியில் ரேடியேட்டர். வீட்டில் சமையலறை தவிர எல்லா இடத்திலும் கார் இருந்தது. கடைசியில் அவருடைய அம்மா ஒரு சாக்கைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார். அதற்குள் இருந்தது பானட் கீல் இரண்டும், கதவுக் கண்ணாடி இறக்குகிற மெஷினும். நாங்கள் போய்த் தேடி ஒரு கீலை எடுத்தோம். மற்றதைப் புதுப்பேட்டையில் கடை கடையாக அலைந்து, வேறொரு வண்டியின் கீலை வாங்கி அறுத்து ஒட்டினோம். அம்மாவைக் குறை சொல்ல நியாயம் இல்லை. சாக்கின் மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

என் மேஸ்திரி இதில் மகா கண்டிப்பு. அவரிடம் சேர்ந்த புதிதில் என்னை என்ஜினைத் தொட விடவில்லை. மண்ணெண்ணெயில் கழுவி, கழற்றின வரிசையிலேயே தார்ப்பாயில் அடுக்கச் சொல்வார். போல்ட்டைக் கழற்றினால் அதன் நட்டையும் வாஷரையும் அதிலேயே இரண்டு மரை ஏற்றிவிட வேண்டும். ஸ்டட் என்றால் நட்டு அந்த ஸ்டட்டிலேயே திரும்ப உட்காரணும். டப்பாவில் எல்லாவற்றையும் கொட்டி வைத்தால், எந்த டப்பா யாருடையது என்று கேட்காமல் மண்ணெண்ணெயோடு தரையில் கவிழ்ப்பார். அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இறுகின நட்டை எடுக்கும்போது ஸ்பேனரை விரலால் மடக்கிப் பிடிக்கமாட்டார், உள்ளங்கையை விரித்துத் தள்ளுவார். வழுக்கினால் முட்டி தோலுரியாது. இடம் குறைந்த கொட்டகையில் சுவர் எப்போதும் கைக்குப் பக்கத்தில்தான் இருக்கும், அதனால் இதை முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள்.

குழி வெட்டலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டில் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், போய்ப் பள்ளத்தில்தான் தங்கும். பத்தடி தள்ளி அடுப்பும் சாமி விளக்கும் எரிகிற வீட்டில் அது வம்பு. ஐப்பசி கார்த்திகையில் மலைத் தண்ணீர் இறங்கினால் குழி கிணறாகிவிடும். 2024-இல் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவே இறங்கி உயிர்கள் போன ஊர் இது, கொல்லையில் தண்ணீர் ஓடும் தடத்தைப் பார்க்காமல் எதையும் தோண்டக்கூடாது. ஹெரால்டுக்குப் பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள் இருக்கும். வேலை ஆரம்பிக்கும் முன் அதை வடித்துவிடுங்கள். கார்த்திகை தீபத்தன்று தெருவில் வாசலுக்கு வாசல் அகல் எரியும். முதல் நாளே கேன், தின்னர், எண்ணெய்த் துணி எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே ஒரு நண்பர் தோட்டத்துக்கு ஏற்றி அனுப்பிவிடுவேன்.

குழி இல்லாவிட்டால் ஸ்டாண்டு. செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் ஆகாது. ஹாலோ பிளாக் பார்க்கக் கெட்டியாக இருக்கும், ஒரு முனையில் பாரம் ஏறினால் சொல்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு நாலு வாங்குங்கள், இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கழற்றின சக்கரத்தைச் சுவரில் சாய்க்காமல் சேஸுக்கு அடியில் படுக்கப் போடுங்கள். இடமும் மிச்சம், ஸ்டாண்டு நழுவினால் உங்கள் மார்புக்கும் சேஸுக்கும் நடுவில் ஒரு சக்கரம் இருக்கும். ஜாக்கி போடும் முன் எதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது எப்படி என்று தெரியாதவர்கள், தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதிக்கு வந்து பெரிய தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பாருங்கள். கட்டையை வைக்கிற கை சக்கரத்துக்கு நேராக ஒருபோதும் இருக்காது. பக்கவாட்டிலிருந்து நுழைத்து, அதே மூச்சில் விலகிவிடுவார்கள். மேஸ்திரி என்னை அங்கே நிறுத்தி வைத்துத்தான் கற்றுக்கொடுத்தார்.

ஹெரால்டின் பின்சக்கரத்துக்கு ஒரு குணம் உண்டு. ஜாக்கியில் தூக்கினால் இரண்டு சக்கரமும் உள்பக்கமாக மடங்கித் தொங்கும். இறக்கினாலும் உடனே நேராகாது, வண்டி பின்னால் தூக்கிக்கொண்டே நிற்கும். பார்த்தவர்கள் பட்டை போய்விட்டது என்று பயந்துவிடுவார்கள். நாலடி முன்னும் பின்னும் உருட்டினால் தானாக உட்காரும். உருட்ட இடமில்லாத கொட்டகையில் என்ன செய்வது? இறக்கும் முன் டயருக்குக் கீழே இரண்டிரண்டு தகரத்தை, நடுவில் கிரீஸ் தடவி வையுங்கள். பாரம் இறங்க இறங்க மேல் தகரம் கீழ்த் தகரத்தின் மேல் வழுக்கி வெளியே போகும், சக்கரம் அதோடு நிமிரும். பழைய எண்ணெய் டின்னை வெட்டின தகடு போதும்.

இடத்தோடு சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனசில்லை. முன்சக்கரத்தில் கீழே இருக்கிற ட்ரன்னியனுக்குக் கிரீஸ் அடிக்காதீர்கள். கிரீஸ் கன்னில் 90 நம்பர் கியர் ஆயிலை ஊற்றி, மரையோரம் கசிகிற வரை அடியுங்கள். கிரீஸ் கெட்டிப்பட்டு மரைக்குள் இறங்காது, துரு ஏறும், ஒருநாள் திருப்பத்தில் சக்கரம் படுத்துவிடும். அப்படிப் படுத்த ஒரு வண்டியைச் செங்கம் சாலையிலிருந்து கட்டியிழுத்து வந்திருக்கிறேன். நல்லவேளை, ஓட்டினவர் மெதுவாகத்தான் வந்திருந்தார்.

பெயிண்டு வீட்டில் அடிக்கலாம், மாசி பங்குனியில் மட்டும். மார்கழியில் என்.சி. பெயிண்டு அடித்தால் பனி ஈரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் இந்த மலையும் சேர்ந்து கொதிக்கும், கன்னிலிருந்து கிளம்பின பெயிண்டு தகட்டைத் தொடும் முன்பே காய்ந்து உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். காலையில் தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதி அடங்கவிட்டு, வெயில் ஏறும் முன் முடித்துவிட வேண்டும். தட்டித் தட்டி டிங்கரிங் செய்வதற்கும் நேரம் பாருங்கள். பக்கத்து வீட்டில் பிளஸ் டூ பிள்ளை இருந்தால் அந்த மார்ச் மாதம் முழுக்க உப்புத்தாள் வேலை மட்டும்.

2021-இல் மத்திய அரசு ஐம்பது வயது தாண்டின வண்டிகளுக்கு 'விஏ' என்று தனி நம்பர் பலகை கொண்டுவந்தது. சிலர் அதைக் கேட்டுக்கொண்டுதான் என்னிடம் வருகிறார்கள். வாங்குங்கள், அழகாகத்தான் இருக்கும். அதற்கு முன்னால் பிரேக் நிற்கட்டும்.

இப்போது ஒரு தம்பி அம்பாசடர் வாங்கிவிட்டு நிற்கிறார். போளூர் சாலைப் பக்கம் வீடு, சந்து ஒன்பதடி, கொட்டகை பதினாறடி. டேப் பிடித்து அளந்தோம். முன்னால் ஓரடி, பின்னால் முக்கால் அடி. என்ஜினைத் தூக்க செயின் பிளாக் வேண்டும். கூரை விட்டத்தில் மாட்டலாம் என்றார், விட்டத்தைத் தட்டிப் பார்த்தால் பாதி செல் அரித்திருக்கிறது. மூன்று இரும்புக் குழாயை முக்காலியாக நிறுத்தலாம், ஆனால் அதன் கால் சந்தில் ஊன்றும், பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் போகாது. ஆதி அண்ணாமலை தாண்டி ஒருவர் நெல் அடுக்கும் கொட்டகையை வாடகைக்கு விடுகிறாராம். அறுவடை வந்தால் காலி பண்ண வேண்டும். தை வரை கிடைத்தால் என்ஜினை மட்டும் அங்கே இறக்கி ஏற்றிக்கொள்ளலாம், மிச்ச வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். வாடகை பேசுவதற்கு முன்னால் அங்கே தரை மண்ணா சிமெண்டா என்று பார்த்துவரச் சொன்னேன். மண் என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் போட நாலு பலகை இங்கேயிருந்து எடுத்துப் போக வேண்டும்.