இதர – 11 மணி நேரம்

முதல்லயே ஒரு மன்னிப்பு. எல்.கே.ஜி.யில இருந்து நான் இங்கிலீஷ் மீடியம். எங்க 'ற்' வரும், எங்க 'ர்' வரும்னு இன்னும் அம்மாகிட்ட கேட்டுத்தான் எழுதுறேன். தப்பு இருந்தா மனசுக்குள்ள திட்டிக்கோங்க. ஆனா இந்த வருஷம் மானிட்டர் வாங்குற ஐடியா இருந்தா கடைசி வரைக்கும் படிங்க.

கதை ஏழாவது செமஸ்டர்ல ஆரம்பிக்குது. என் லேப்டாப்போட கீல் உடைஞ்சு, திரையில கோடு கோடா விழுந்துச்சு. பேனல் மாத்த 8,500 ரூபாய்னு சொன்னாங்க. நாலு வருஷப் பழைய மெஷினுக்கு அவ்வளவு செலவு பண்றதுக்கு, தனியா ஒரு மானிட்டர் வாங்கிட்டா என்னன்னு தோணுச்சு. வேலை கிடைச்சு வேற லேப்டாப் வந்தாலும் மானிட்டர் கூடவே வரும் இல்லையா?

எங்க வீடு பாலக்கோடு பக்கம். அப்பா பட்டுப்புழு வளர்க்கிறார். போன தடவை நோய் வந்து பாதிப் புழு போச்சு. இந்தத் தடவை கூடு நல்லா வந்துச்சு. தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில ஏலம் முடிஞ்சு வந்த அன்னைக்கு ராத்திரி, "பத்தாயிரம் வரைக்கும் பார்த்துக்க பாப்பா. எதுக்கு, எவ்வளவு நேரம் பார்ப்பன்னு மட்டும் எழுதிக் குடு"ன்னார். வீட்டுல எந்தச் செலவா இருந்தாலும் அப்பாவுக்குக் கணக்கு நோட்டுல வரணும்.

ஒரு வாரம் உண்மையாவே நேரத்தைக் குறிச்சு வச்சேன். கோடிங், புராஜெக்ட் ரிப்போர்ட், பி.டி.எஃப். எல்லாம் சேர்த்து 34 மணி நேரம். வகுப்பு வீடியோ, படம் 9 மணி நேரம். கடைசி வரியில 'இதர – 11 மணி நேரம்'னு எழுதிக் குடுத்தேன்.

அந்த 'இதர' என்னன்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். வேலரண்ட்.

என் மனசுல இருந்தது 27 இஞ்ச், வளைஞ்ச திரை, 180 ஹெர்ட்ஸ். பெட்டி மேல சிவப்பு எழுத்துல '1 எம்.எஸ்.'னு போட்டிருக்கும், பார்த்திருப்பீங்க. இந்த நம்பர் எல்லாம் என்னன்னு முதல்ல சொல்லிடுறேன்.

ஹெர்ட்ஸ்னா ஒரு விநாடிக்குத் திரை எத்தனை தடவை புதுசாகுதுங்கிற கணக்கு. 1000-ஐ அதால வகுத்துப் பாருங்க. 60 ஹெர்ட்ஸ்ல ஒரு படம் 16.7 மில்லி விநாடி நிக்கும். 100-ல 10. 180-ல 5.6. அதாவது 60-ல இருந்து 100-க்குப் போனா 6.7 மில்லி விநாடி மிச்சம். 100-ல இருந்து 180-க்குப் போனா மிச்சம் 4.4 தான். நம்பர் பெருசாகப் பெருசாக லாபம் சின்னதாகிட்டே போகுது. இதைப் பெட்டியில போட மாட்டாங்க.

இன்னொரு விஷயம், உங்க மெஷின் விநாடிக்கு எத்தனை படம் தயாரிக்குதோ அதுக்கு மேல புதுப் படம் திரைக்கு எங்க இருந்து வரும்? தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத என் லேப்டாப்ல வேலரண்ட் 70 எஃப்.பி.எஸ். பக்கம்தான் ஓடும். அதுவும் போக, அதுல இருக்கிறது ஹெச்.டி.எம்.ஐ. 1.4 போர்ட். ஃபுல் ஹெச்.டி.யில அது 180 ஹெர்ட்ஸ் வரைக்கும் கொண்டுபோகாது. நான் 180-க்குக் காசு குடுத்தாலும், கேபிள் வழியா அது வந்து சேராது.

அப்புறம் அந்த '1 எம்.எஸ்.'. ஒரு சாம்பல் நிறத்துல இருந்து இன்னொரு சாம்பல் நிறத்துக்கு பிக்சல் மாறுற நேரம் ஒண்ணு, ஓடுற படம் கண்ணுக்கு எவ்வளவு கலங்கித் தெரியுதுங்கிறது இன்னொண்ணு. பெட்டியில எது நல்ல நம்பரா வருதோ அதைப் போடுவாங்க. பக்கத்துல சின்ன எழுத்துல ஜி.டி.ஜி.யா எம்.பி.ஆர்.டி.யான்னு பாருங்க. ரெண்டும் வேற வேற அளவு.

இங்க ஒரு சுவாரசியம். 2006-ல தமிழக அரசு குடுக்க ஆரம்பிச்ச 14 இஞ்ச் இலவச கலர் டி.வி. எங்க வீட்டுலயும் இருந்துச்சு. வேகமா ஓடுற காட்சியை அந்தக் குண்டு டி.வி. பல இன்றைய தட்டைத் திரைகளை விடத் தெளிவாக் காட்டும். பிக்சர் ட்யூப்ல ஒரு புள்ளி ஒளிர்ந்து உடனே அணைஞ்சிடும். எல்.சி.டி.யில அடுத்த படம் வர்ற வரைக்கும் பழைய படம் அப்படியே நிக்கும். ஓடுற பொருளோட கண்ணும் ஓடுறதால, நிக்கிற படம் கண்ணுக்குத் தேய்ஞ்சு தெரியும். ஹெர்ட்ஸைக் கூட்டுறதே அந்த நிக்கிற நேரத்தைக் குறைக்கத்தான்.

ஆன்லைன்ல வாங்கலாம்னேன். ஓட்டிப் பார்க்காம அப்பா எதுக்கும் காசு குடுக்க மாட்டார். எங்க ஊர்ல நாலைஞ்சு மாடலை ஒரே இடத்துல வச்சுப் பார்க்கிறதும் கஷ்டம். சென்னை ரிச்சி தெரு தூரம். பெங்களூரு எஸ்.பி. ரோடு கிட்ட. ஒரு சனிக்கிழமை ரெண்டு பேரும் ராயக்கோட்டை, ஓசூர் வழியா பஸ்ல கிளம்பினோம். பையில பட்டியலும் உடைஞ்ச லேப்டாப்பும்.

எலக்ட்ரானிக் சிட்டி தாண்டி சில்க் போர்டு ஜங்ஷன்ல பஸ் வழக்கம் போல நின்னுடுச்சு. "மத்தவங்களுக்கு இது டிராபிக். நமக்கு இது சோறு போடுற ஆபீஸ்"னு அப்பா சிரிச்சார். மத்திய பட்டு வாரியத்தோட அலுவலகம் அங்க இருக்கிறதாலதான் அந்த ஜங்ஷனுக்கே அந்தப் பேர். நகராத பஸ்ல நேரம் போகலை போல. பட்டியலை எடுத்து விரிச்சார்.

"இதரன்னா என்ன பாப்பா?"

சமாளிக்க ஒரு நிமிஷம் யோசிச்சேன். ஆன்லைன் கோர்ஸ், மாக் டெஸ்ட், எது சொன்னாலும் நம்புவார். அதான் பிரச்சினையே. போன தடவை செத்த புழுவை அள்ளிக் கொட்டினப்போ கூட நின்ன ஆளு நான்.

"கேம்பா. துப்பாக்கி வச்சு சுடுற கேம். ராத்திரி ஃப்ரெண்ட்ஸோட ஆடுவேன்."

கொஞ்ச நேரம் பேசலை. சில்க் போர்டு சிக்னல் தெரியும்ல, ரொம்ப நேரம். அப்புறம், "வாரத்துக்குப் பதினோரு மணி நேரமா?"ன்னார். ஆமான்னேன். "அப்ப அதையும் சேர்த்துத்தான் பார்க்கணும். முதல்லயே சொல்லியிருக்கலாம்"னார். அவ்வளவுதான். திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு எனக்கு.

கடையில மூணு மானிட்டரை ஓட விட்டாங்க. என் கனவு மானிட்டர் 11,500. 24 இஞ்ச் ஐ.பி.எஸ்., 100 ஹெர்ட்ஸ் 7,800. 27 இஞ்ச், 1440பி ஒண்ணு 17,000. அதைப் பார்த்துட்டு வச்சாச்சு.

கடைக்காரர் போட்ட டெமோ வீடியோவுல எல்லாமே அழகு. மீன் நீந்துது, மயில் ஆடுது. நாம தினமும் மீனா பார்க்கிறோம்? என் லேப்டாப்பை மாட்டி என் ரிப்போர்ட்டைத் திறந்தேன். 27 இஞ்ச்ல எழுத்து கொஞ்சம் பிசிறா இருந்துச்சு. காரணம் கணக்குதான். அதே 1920 x 1080 பிக்சலை 24 இஞ்ச்ல அடைச்சா ஒரு இஞ்சுக்கு 92 பிக்சல். 27-ல பரப்பினா 82 தான். 34 மணி நேரம் எழுத்தைப் பார்க்கப் போறவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அடுத்து கறுப்புப் பின்னணியில கோடைத் திறந்து வேகமா ஸ்க்ரோல் பண்ணினேன். அந்த வளைஞ்ச திரை வி.ஏ. பேனல். எழுத்துக்குப் பின்னாடி நிழல் மாதிரி இழுத்துச்சு. இருட்டு நிறங்கள் மாறும்போது விலை குறைஞ்ச வி.ஏ. பேனல்ல வழக்கமா வர்ற குறை இது. பக்கவாட்டுல நின்ன அப்பா வேற ஒண்ணைக் கண்டுபிடிச்சார். "இங்க இருந்து பார்த்தா வெளுத்துத் தெரியுதே?" அதுவும் வி.ஏ.வோட குணம்தான். நான் நேரா உட்கார்ந்து பார்த்ததால எனக்குத் தெரியவே இல்லை. ஏலத்துல கூட்டைக் கையில எடுத்துக் குலுக்கிப் பார்க்கிற கூட்டத்துல இருக்கிறவர், சும்மாவா?

நியாயமா சொல்லணும்னா ஐ.பி.எஸ்.க்கும் குறை உண்டு. கறுப்பு, முழுக் கறுப்பா இருக்காது. இருட்டு ரூம்ல சாம்பல் மாதிரி தெரியும். ராத்திரி லைட் அணைச்சுப் படம் பார்க்கிறதுதான் உங்க முக்கிய வேலைன்னா வி.ஏ. உங்களுக்கு நல்ல சாய்ஸ். எனக்கு அது 9 மணி நேரம்தான்.

இன்னும் ஒரு சபலம் இருந்துச்சு: ஜி.எஸ்.டி. குறைஞ்சிருக்கே, காத்திருந்தா விலை இன்னும் இறங்குமோ? 2025 செப்டம்பர் 22-ல மானிட்டர் வரி 28-ல இருந்து 18 சதவீதம் ஆனது 32 இஞ்சுக்கு மேல இருக்கிறதுக்கு மட்டும்தான். அதுக்குக் கீழ இருக்கிறது 2019 ஜனவரியிலேயே 18 ஆகிடுச்சு. நம்ம சைஸுக்கு எந்த மாற்றமும் இல்லை.

வாங்கினது அந்த 24 இஞ்ச். அடாப்டிவ் சிங்க் இருக்கு. என் 70 எஃப்.பி.எஸ்.க்கு ஏத்த மாதிரி திரை தன் வேகத்தை மாத்திக்கும். படம் கிழிஞ்சு தெரியாது. காசு குடுக்கிறதுக்கு முன்னாடி முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படம் போட்டு செத்த பிக்சல் இருக்கான்னு பார்த்தோம். நீங்களும் பாருங்க. பஸ்ல பெட்டியைப் படுக்க வைக்காதீங்க, நிமிர்த்தியே கொண்டு வாங்க. அப்பா ஓசூர் வரைக்கும் மடியில நிமிர்த்திப் பிடிச்சுட்டே வந்தார்.

வீட்டுல மாட்டினதும் முதல் வேலை, விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு போய் ஹெர்ட்ஸை மாத்துங்க. பல சமயம் அது 60-லயே நிக்கும். எங்க சீனியர் ஒருத்தர் 165 ஹெர்ட்ஸ் வாங்கி ஆறு மாசம் 60-ல ஆடிட்டு, 'சூப்பர் ஸ்மூத்'னு சொல்லிட்டு இருந்தார். அப்புறம் உயரம். விலை குறைஞ்ச ஸ்டாண்டு முன்னபின்ன சாயும், மேல கீழ ஏறாது. என் மானிட்டர் இப்ப ரெண்டு கணக்குப் புத்தகம் மேல நிக்குது. நாலு வருஷத்துல அந்தப் புத்தகத்தால கிடைச்ச முதல் பிரயோஜனம்.

அன்னைக்கு ராத்திரி அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்துல உட்கார்ந்தார். ஒரு ரவுண்டு முழுசாப் பார்த்துட்டு, "இதுல நீ எந்த ஆளு?"ன்னு கேட்டார்.

"நான் தெரிய மாட்டேன்பா. என் கை மட்டும்தான் தெரியும்."

"சரி சரி, சுடு"ன்னார்.

நீங்களும் கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் கணக்கு எழுதுங்க. நம்பரை அப்புறம் பார்த்துக்கலாம். ஆனா தயவுசெஞ்சு 'இதர'ன்னு மட்டும் எழுதாதீங்க.