பல்லும் பசையும்

உடைந்த எலும்பு கூடுகிறது. கீறிய தோல் ஆறுகிறது. பல்லின் மேற்புறத்தைப் போர்த்தியிருக்கும் எனாமலுக்கோ அந்தப் பேறு வாய்க்கவில்லை. அதனை உருவாக்கிய செல்கள், பல் ஈறைப் பிளந்து வெளிவரும் காலத்திலேயே அழிந்துவிடுகின்றன. ஆகவே, சொத்தையால் விழுந்த குழியை உடல் தானாக நிரப்பிக்கொள்வதில்லை. மருத்துவரே அதனை அடைக்க வேண்டியுள்ளது. அடைத்த பொருளைப் பல்லோடு நிலையாகப் பிணைப்பது எவ்வாறு என்னும் வினா, அரை நூற்றாண்டுக்கும் மேலாக அறிவியலாளர்களின் உழைப்பை வேண்டி நிற்கிறது.

நெடுங்காலம் பற்குழிகளை அடைக்கப் பயன்பட்டது அமால்கம் என்னும் பாதரசக் கலவை. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசமே. உறுதி மிக்கதாயினும் அது பல்லோடு ஒட்டுவதில்லை. எனவே, வாய் குறுகி அடி அகன்ற பானையைப் போலக் குழியைக் குடைந்து, கலவை வெளியே வாராதவாறு அதனுள் சிக்க வைத்தனர். இதற்காகப் பல்லின் நல்ல பகுதியும் வெட்டப்பட்டது. பாதரசத்தால் சுற்றுச்சூழலுக்கு நேரும் கேட்டைக் கருதி, 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை அமால்கத்தின் பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைக்க வழிவகுத்தது.

பல்லோடு ஒட்டும் அடைப்புக்கு வழி திறந்தவர் மைக்கேல் புவோனோகோர். அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் பணியாற்றிய அவர், உலோகப் பரப்பில் வண்ணம் நன்கு பற்றுவதற்காகத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் பூசப்படுவதை அறிந்திருந்தார். அம்முறையைப் பல்லில் ஆராய்ந்து, 1955இல் தம் முடிவை வெளியிட்டார். 85 விழுக்காடு செறிவுள்ள அமிலம் 30 நொடிகள் பட்டதும், வழவழப்பான எனாமலில் கண்ணுக்குப் புலப்படாத பள்ளங்கள் தோன்றின. அவற்றுள் புகுந்து இறுகிய பிசின், மண்ணுள் இறங்கிய வேர்போல் பற்றிக்கொண்டது.

எனாமலின் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். ஆதலால் அங்குப் பணி எளிதாயிற்று. அதன் கீழுள்ள டென்டைனின் இயல்பு வேறு. அதில் கனிமம் சுமார் 70 விழுக்காடு. எஞ்சியது கொலாஜன் முதலிய கரிமப் பொருள்களும் நீருமாகும். பற்கூழை நோக்கிச் செல்லும் எண்ணற்ற நுண்குழாய்களில் எப்போதும் நீர்மம் நிறைந்திருக்கும். அமிலம் கனிமத்தைக் கரைத்ததும் கொலாஜன் இழைகள் வலைபோல் எஞ்சுகின்றன. அவ்வலைக்குள் பிசின் ஊடுருவி இறுகினால் இரண்டும் கலந்த புதிய அடுக்கு உருவாகும் என்பதை, 1982இல் ஜப்பானைச் சேர்ந்த நாகாபயாஷியும் அவர்தம் குழுவினரும் விளக்கினர்.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. பல்லை முற்றிலும் உலர்த்தினால் கொலாஜன் வலை சரிந்து பிசினுக்கு வழியடைக்கும். வலை விரிந்து நிற்க ஈரம் வேண்டும். ஆனால், உள்ளே தங்கும் அதே ஈரம் பிசினின் மூலக்கூறுப் பிணைப்புகளை நாளடைவில் அறுக்கிறது. பல் உருவான காலத்திலிருந்து டென்டைனுள் உறங்கிக் கிடக்கும் நொதிகளும் அமிலம் பட்டதும் விழித்தெழுந்து, பிசின் போர்த்தாத கொலாஜன் இழைகளைச் சிதைக்கின்றன. பிசின் இறுகும்போது சிறிது சுருங்குவதாலும், மெல்லும் விசை இடைவிடாது தாக்குவதாலும் விளிம்பில் நுண்ணிய இடைவெளி தோன்றலாம். அவ்வழியே பாக்டீரியாக்கள் புகுந்தால் அடைப்பின் ஓரத்திலேயே மீண்டும் சொத்தை உண்டாகும்.

இவ்வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பதே இன்றைய ஆய்வின் நோக்கம். வாய் கொப்பளிக்கும் மருந்தில் உள்ள குளோர்ஹெக்சிடின், அந்நொதிகளின் செயலைத் தணிக்கிறது. எனினும், காலப்போக்கில் அது கசிந்து வெளியேறிவிடக்கூடும். எம்.டி.பி. என்னும் மூலக்கூறு பல்லிலுள்ள கால்சியத்தோடு வேதிப்பிணைப்புக் கொண்டு, நீரில் எளிதில் கரையாத உப்பாக நிற்கிறது. புதிய பசை நன்கு ஒட்டிவிட்டது என்பதோடு ஆய்வாளர்கள் நிறைவடைவதில்லை. 5 பாகை, 55 பாகை செல்சியஸ் வெப்பநிலைகளில் உள்ள நீரில் ஆயிரக்கணக்கான முறை மாறிமாறி அமிழ்த்தி, பனிக்கூழும் சூடான தேநீரும் மாறிமாறிப் படும் வாயின் நிலையை ஆய்வகத்திலேயே உண்டாக்கிப் பசையைச் சோதிக்கின்றனர்.

இத்துணை உழைப்பு எதற்கு? பழுதுபட்ட அடைப்பை அகற்றும்போதெல்லாம் பல்லின் ஒரு சிறு பகுதியும் அதனுடன் போகிறது. குழி முன்னிலும் பெரிதாகிறது. அடுத்த அடைப்பும் பெரிதாகிறது. இவ்வாறு தொடர்ந்தால் வேர்ச்சிகிச்சையும், இறுதியில் பல்லைப் பிடுங்குதலும் நேரக்கூடும். பதினாறு வயதில் அடைப்பு வைத்துக்கொண்ட ஒருவர், அப்பல்லால் இன்னும் அறுபது ஆண்டுகள் உணவை மெல்ல வேண்டியிருக்கலாம். சில மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள ஓர் ஒட்டடுக்கு எத்தனை ஆண்டுகள் நிலைக்கிறதோ, அத்தனை ஆண்டுகள் அப்பல் மேலும் வெட்டுப்படாமல் காக்கப்படுகிறது.