சயனைடு மலைக்கு என்ன நிறம்?

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் சயனைடு மண் இல்லை. கோலார் தங்கவயலில் நிலப்போர்வை வரைபடத்தைச் சரிபார்க்க வந்திருந்த குழுவோடு நான் சேர்ந்துகொண்ட காலையில் நடந்த முதல் வாக்குவாதமே இதுதான். எந்த நிலத்தை எது மூடியிருக்கிறது, வீடா, பயிரா, மரமா, பாறையா, தண்ணீரா என்று சொல்வதுதான் அந்த வரைபடத்தின் வேலை. மடிக்கணினித் திரையில் மாரிக்குப்பத்தைச் சுற்றி மூன்று வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. ஒன்று, சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு மேடு. ஊரில் சின்னப் பிள்ளையும் அதைச் சயனைடு மலை என்றுதான் சொல்லும். இன்னொன்று வற்றிப்போன ஏரி. மூன்றாவது வெறும் பாறை. திரைக்கு மூன்றும் ஒன்றுதான்.

குழுவில் இருந்த இளம்பெண் ஆண்டர்சன்பேட்டைக்காரர். தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இவர் பெங்களூரில் கணினியின் முன் உட்கார்ந்து நிலத்துக்குக் கோடு போடுகிறார். “ஏரின்னா ஒரு பக்கம் கரை வளைஞ்சு போகணும் சார். கரைக்குக் கீழே நஞ்சை இருந்த அடையாளம் இருக்கும். பாறைக்கு ஓரம் இப்படி வெட்டினாப்ல இருக்காது” என்று விரலால் காட்டினார். கழிவு மேட்டின் உச்சி தட்டை. சரிவெங்கும் மழை அறுத்த ஓடைகள் கீழ்நோக்கி இறங்கும். நிறத்தை நம்பாதே, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார் என்பதே இந்தத் தொழிலின் பாலபாடம்.

அந்தப் பாடத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் வந்திருந்தார். பணி ஓய்வு பெற்றவர். கணினி வருவதற்கு முன்பு, 23 சென்டிமீட்டர் சதுர வான்படங்களை மேசையில் பரப்பி, ஸ்டீரியோஸ்கோப்பில் குனிந்தே கழுத்து வலி வாங்கிய தலைமுறை. விமானம் நேர்கோட்டில் பறந்தபடி படம் எடுக்கும்போது ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் திரும்பவும் பிடிக்கும். ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் எடுத்த அந்த ஜோடியை ஒரு கண்ணுக்கு ஒன்றாகக் காட்டினால் மேடு பள்ளம் எழுந்து நிற்கும். படத்தின் ஓரத்தில் கடிகாரம், உயரமானி, மட்டம் பார்க்கும் குமிழி எல்லாம் சேர்ந்தே பதிவாகியிருக்கும் என்றார். மணி தெரிந்தால் நிழலின் நீளத்தை வைத்து உயரத்தைக் கணக்குப் பண்ணலாம்.

பையிலிருந்து மடக்குக் கால் வைத்த சின்ன ஸ்டீரியோஸ்கோப்பை எடுத்தார். குழு அனுமதி வாங்கி எடுத்திருந்த ட்ரோன் படங்கள் இரண்டை ஜீப்பின் முன்மூடியில் வைத்து, நகர்த்தி நகர்த்திப் பொருத்தி, “இப்பப் பாருங்க” என்றார். கொஞ்ச நேரம் இரட்டை இரட்டையாகத் தெரிந்தது. பிறகு சட்டென்று சயனைடு மலை காகிதத்தை விட்டு எழும்பியது. எதிரே நிற்கும் நிஜ மேட்டைவிடச் செங்குத்தாக இருக்கிறதே என்றேன். ஸ்டீரியோ அப்படித்தான், உயரத்தைக் கூட்டிக் காட்டும், பழகினவர்கள் மனதுக்குள் குறைத்துக்கொள்வார்கள் என்றார். அதே படத்தில் சுரங்க வாயிலின் இரும்புக் கோபுரம் மெல்லிய கோடாகக்கூடத் தெரியவில்லை. அதன் நிழலோ சட்டம் சட்டமாகத் தரையில் விழுந்து, இன்னது என்று சொல்லிவிட்டது.

ஒரு நாட்டையே இப்படி வான்படத்தில் படித்துக் கோடு போட்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் அபர்தீனிலிருந்த மக்காலே நிறுவனம் 1988-ம் ஆண்டின் நிலப்போர்வையை வான்படங்களிலிருந்து வரைந்தது. இலங்கைக் காடுகளைக் கனடா நாட்டு உதவியோடு 1956-ல் வானிலிருந்து படமெடுத்துக் கணக்கிட்டார்கள். இந்தியாவிலும் தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1966-ல் நெதர்லாந்து உதவியுடன் டேராடூனில் வான்படம் படிக்கக் கற்றுத்தரும் நிறுவனம் வந்தது. 1970 வாக்கில் பி.ஆர். பிஷாரடி குழு கேரளத்துத் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்பு வண்ணப் படச்சுருளில் எடுத்து, வாடல் நோய் கண்ட மரங்களைப் பிரித்துக் காட்டியது. ஆனால் அப்போது இங்கே வான்படம் என்றால் பாதுகாப்புத் துறையின் பூட்டுக்குள் இருந்த பொருள். கேட்டு, காத்திருந்து, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியிருந்தது. நாடு முழுவதற்குமான வரைபடத்துக்கு வழிவிட்டது 1988 மார்ச் 17-ல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோள்தான். விமானத்துக்குக் கிடைக்காத அனுமதி செயற்கைக்கோளுக்குத் தேவைப்படவில்லை என்று பெரியவர் சிரித்தார். கண் மாறவில்லை, காகிதம் மட்டும் மாறியது என்பது அவர் கட்சி. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஸ்டீரியோவில் எழுந்து நின்ற மேடு செயற்கைக்கோளின் ஒற்றைப் படத்தில் தட்டையாகப் படுத்துக் கிடக்கிறதே.

வரைபடம் போட வந்தவன் இந்த ஊரில் வேறொன்றைக் கண்டுபிடித்த கதையும் உண்டு. 1802-ல் மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், இங்கே தங்கம் இருப்பதாக அடிபட்ட பேச்சைக் கேட்டு, காட்டுபவர்களுக்குப் பரிசு என்றார். உரிகம் பக்கத்து ஜனங்கள் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரில் அலசிக் காட்டினார்கள். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர், சேலம் பக்கமிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. 2001 பிப்ரவரி 28-ல் எல்லாம் மூடியாயிற்று. மேலே மிஞ்சியது சுமார் 3.3 கோடி டன் அரைத்த மண். எந்தக் கேமராவுக்கும் கீழே இருப்பது தெரியாது. மேலே கொட்டியதை வைத்துத்தான் கீழே தோண்டியதை ஊகிக்க வேண்டும்.

தங்கவயலின் கோரமண்டல் பக்கம் டீக்கடையில் நின்றபோது பழைய சுரங்கத் தொழிலாளி ஒருவர் எட்டிப் பார்த்தார். “இன்னாம்மா படம் அது? எங்க லைன் எங்க கீது?” அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினார். ஓட்டு வீடுகள் வரிசை வரிசையாக, சிவப்பாக. “ஊரெல்லாம் சிவப்பு தாத்தா. ராபர்ட்சன்பேட்டையும் அதே சிவப்புதான்.” தொழிலாளி மலையைக் காட்டி, அது என்ன கலர் என்றார். பதில் சொல்லக் கொஞ்சம் நேரமானது. தேசிய தொலையுணர்வு மையத்தின் 1:50,000 நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் சுரங்கம் கட்டடப் பரப்பின் கீழ் வருகிறது. தரிசு நில வரைபடத்திலோ சுரங்கக் கழிவு நிலம் தரிசின் கீழ். அதே மலை ஒரு காகிதத்தில் நகரத்துக்குச் சொந்தம், இன்னொன்றில் பாழ் நிலம். இரண்டுமே தப்பில்லை, கேள்விதான் வேறு என்று அந்தப் பெண் விளக்கப் பார்த்தார். “காத்தடிச்சா சோத்துல உளுதே, அதுக்கு ஒரு கலர் போடும்மா” என்றபடி தொழிலாளி டீயைக் குடித்தார்.

மதியத்துக்கு மேல் தோட்டங்கள். சீனிவாசபுரம் போகும் திசையில் மாந்தோப்பு புள்ளிக்கோலம் போல இருக்கும், அதில் குழப்பமே வராது. யூகலிப்டஸ் தோப்பில் புள்ளி தெரியாது. நெருக்கமான கரடுமுரடான பரப்பாகத் தெரியும். வெட்டி அடுத்த துளிர் விட்ட தோப்பென்றால் புதர்க்காடு என்று கணினி அடித்துச் சொல்லும். வற்றிய ஏரிக்குள் சீமைக்கருவேலம் மண்டியிருந்தால் அகச்சிவப்புப் படத்தில் அதுவும் தோப்பு மாதிரி சிவக்கும். கோலாரில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் கொண்டுவந்து வற்றிக் கிடந்த ஏரிகளை நிரப்புகிறார்கள். போன வரைபடத்தில் புதர், இந்த வரைபடத்தில் தண்ணீர். தேதி போடாத வரைபடத்தைத் தூக்கிப் போட வேண்டும் என்று பெரியவர் சொன்னதை நான் ஏற்கிறேன்.

கடைசியாக ஒரு கேழ்வரகுக் கொல்லை, சயனைடு மலைச் சரிவின் காலடியில். அறுவடை முடிந்த சிவப்பு மண்ணில் சாம்பல் நிறத்தில் விசிறி மாதிரி ஒரு பட்டை இறங்கியிருந்தது. கடப்பாரையால் குத்திப் பார்த்தார்கள். சாம்பல் பொடிக்கு ஒரு சாண் கீழேதான் செம்மண். நிலத்துக்காரர், விதைப்பதை நிறுத்தவில்லை, முளைப்பதுதான் பாதி என்றார். இது வயலா, கழிவு மேடா? நிறம் மாறும் இடம் வரைக்கும் மேடுதான் என்றார் பெரியவர். ஏர் ஓடுகிற நிலத்தை எப்படிச் சார் மேடு என்று எழுதுவது என்றார் அந்தப் பெண். டேப் பிடித்தார்கள். அகலம் 90 மீட்டர் சொச்சம். வரைபடத்தில் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த துண்டைத் தனியாகக் காட்டுவதில்லை. 1:50,000 அளவில் அது தரையில் 150 மீட்டர். அதனால் விதிப்படி பயிர் நிலம் என்றே முடிவாயிற்று. படிவத்தின் குறிப்புப் பத்தியில் ‘கழிவு மண் படிந்துள்ளது’ என்று எழுதி, ஒரு போட்டோ எடுத்துச் சேர்த்தார் அந்தப் பெண்.

ஜீப்பில் ஏறும்போது பெரியவரிடம் சொன்னார்: “இன்னும் ரெண்டு மழை போதும் சார், 150-ஐத் தாண்டிடும். அடுத்த சுற்றுல நானே கோடு போடுறேன்.”