முதலில் மெயினை அணை

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. மழைக்காலத்தில் வெறுங்காலோடு போய்க் கதவைத் தொட்டால் விரல் நுனியில் சுள்ளென்று கடிக்கும். அப்பா இதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். ஒரு ஜோடி ரப்பர் செருப்பை வாங்கி ஃப்ரிட்ஜின் முன்னால் போட்டார். திறக்கிறவர்கள் அதை மாட்டிக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்போம். எல்லோரும் சிரிப்பார்கள்.

திலக் நகரின் பழைய ஹவுசிங் போர்டு கட்டடம் ஒன்றில் தரைத்தளத்தில் இருந்தோம். ஒரு அறை, சமையலறை, உள்ளேயே குளியலறை. செம்பூரில் அது அந்நாளில் வசதியான வாழ்க்கை. அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். எலெக்ட்ரீஷியனுக்குக் காசு கொடுப்பது அவருக்குப் பிடிக்காது. எந்தச் சாமானையும் தானே பிரித்துத் தானே மாட்டுவார். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று ஒருநாள் மெல்லிய ஃப்யூஸ் கம்பியை எடுத்துவிட்டுத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றினார். அதன்பின் ஃப்யூஸ் போகவே இல்லை. வாட்டர் ஹீட்டர் ராடின் மூன்று முள் ப்ளக் சுவர் பாயின்டில் நுழையவில்லை என்று இன்னொரு நாள் அதை வெட்டிவிட்டு இரண்டு முள் ப்ளக் மாட்டினார். "மூணாவது முள்ளு சும்மா அலங்காரத்துக்கு" என்றார். நாங்களும் நம்பினோம்.

1998 ஆகஸ்டில் ஒரு காலை. வெளியே விடாத மழை. இரும்பு பக்கெட்டில் ராடைப் போட்டுவிட்டு அம்மா சமையலைப் பார்க்கப் போயிருந்தாள். திரும்பி வந்து, தண்ணீர் சுட்டுவிட்டதா என்று பார்க்க ஒரு கையால் பக்கெட்டின் விளிம்பைப் பிடித்தாள். சுவிட்சை அணைக்கவில்லை. ஈரத் தரை, வெறுங்கால்.

அவள் கத்தவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு மறக்காதது. தொண்டையிலிருந்து முனகல்போல் ஒரு சத்தம் மட்டும் வந்தது. எட்டிப் பார்த்தேன். குனிந்தபடி நின்றாள். கை பக்கெட்டை இறுகப் பிடித்திருந்தது. உடம்பு நடுங்கியது. பக்கெட்டைத் தூக்க முயல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. "அம்மா!" என்று ஓடினேன். அவள் தோளைத் தொட இன்னும் ஓர் அடிதான் இருந்திருக்கும்.

பின்னாலிருந்து யாரோ என் பாவாடையைப் பிடித்து இழுத்தார்கள். எதிர் வீட்டு காகூ. பால் வாங்க வந்தவள். "ஹாத் லாவூ நகோஸ்! ஆதி மெயின் பந்த் கர்!" என்று அலறினாள். தொடாதே, முதலில் மெயினை அணை. எனக்கு மெயின் எங்கே இருக்கிறது என்று தெரியாது. பதினேழு வருடம் வாழ்ந்த வீடு அது. காகூவுக்குத் தெரிந்திருந்தது. எல்லா வீடும் ஒரே அமைப்பு. வாசல் கதவுக்குப் பின்னால் இருந்த இரும்புப் பெட்டியின் கைப்பிடியைக் கீழே இழுத்தாள். விளக்கு அணைந்தது. அம்மா துணி மூட்டைபோல் சரிந்தாள்.

மூச்சு இருந்தது. அதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. அக்கம்பக்கத்தார் கூடி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தண்ணீர் கொடு, உள்ளங்காலைத் தேய், மணலில் படுக்க வை. காகூ ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரியில் உள்ளங்கையில் ஒரு கருகிய கோடும் குதிகாலில் பட்டாணி அளவு ஒரு புண்ணும் காட்டினார்கள். மின்சாரம் நுழைந்த வழி, வெளியேறிய வழி. எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் இல்லை, வீட்டுக்குப் போகலாம்" என்ற அம்மாவை டாக்டர் விடவில்லை. ஷாக் அடித்தவர் பார்க்க நன்றாக இருந்தாலும் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், இ.சி.ஜி. எடுத்து ஒரு நாள் வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவேன் என்றார்.

காகூவிடம் பிறகு கேட்டேன். உனக்கு எப்படித் தெரிந்தது? சாதாரா பக்கம் அவள் ஊரில், கிணற்று மோட்டாரில் ஷாக் அடித்த அண்ணனைப் பிடித்து இழுக்கப் போன தம்பியும் சேர்ந்து போய்விட்டானாம். இரண்டு பாடைகள் ஒரே நேரத்தில் கிளம்பியதைச் சிறுமியாக நின்று பார்த்தவள் அவள். பாசம் அவசரப்படும். மின்சாரத்துக்கு அது தெரியாது.

அம்மா ஏன் கையை விடவில்லை என்ற கேள்வி என்னை ரொம்ப நாள் உறுத்தியது. பதில் உடம்பில் இருக்கிறது. விரல்களை மூடும் தசைகள் திறக்கும் தசைகளைவிட வலுவானவை. மின்சாரம் இரண்டையும் ஒரே சமயத்தில் சுண்டும்போது மூடும் தசை ஜெயிக்கிறது. பிடித்தவர் பிடித்தபடியே இருக்கிறார். அமெரிக்காவில் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தின் சார்லஸ் டால்சியல் தன்னார்வலர்களை வைத்து இதை அளந்தார். கையை விட முடிகிற எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேலே போனால் மனத்திடத்தால் ஆவது ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் கூடினால் மூச்சுத் தசைகள் இறுகும், இதயம் தாளம் தப்பும்.

இப்போது ஃப்யூஸுக்கு வருவோம். வீட்டு விளக்கு லைனின் ஃப்யூஸ் 5 ஆம்பியர் என்று வையுங்கள். அது 5,000 மில்லி ஆம்பியர். ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கே போதும். ஃப்யூஸும் இன்றைய எம்.சி.பி.யும் ஒயரைக் காப்பாற்றப் பிறந்தவை, மனிதனை அல்ல. மனிதனைக் காப்பாற்றும் பொறுப்பு அப்பா வெட்டி எறிந்த அந்த மூன்றாவது முள்ளுக்கு இருந்தது. எர்த் சரியாக இருந்தால், ராடின் உறை விரிசல் விட்டுக் கசியும் மின்சாரம் அந்த வழியே பெருவெள்ளமாகப் பூமிக்குப் பாய்ந்து ஃப்யூஸை எரித்துவிடும். அந்த முள் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதும் இதற்காகத்தான். செருகும்போது பாதுகாப்பு முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாகப் பிரிய வேண்டும். எங்கள் வீட்டில் அந்த முள்ளும் இல்லை. அது இருந்திருந்தாலும் எரிவதற்கு ஒழுங்கான ஃப்யூஸ் இல்லை. ஃப்ரிட்ஜ் பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் இதைத்தான். வீட்டில் எர்த் இல்லை என்று அது கடித்துக் கடித்துச் சொன்னது. நாங்கள் செருப்புப் போட்டுக்கொண்டோம்.

அப்பா அன்று சாயங்காலமே ஒரு லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தார். அந்தச் செருப்பை யாருக்கும் தெரியாமல் எடுத்துப் போய்க் குப்பையில் போட்டார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டிய நாள். எங்கள் தரைத்தளத்துக்குத் தண்ணீர் வருகிறது என்று தெரிந்ததும் எல்லோரும் அரிசியையும் துணிமணியையும் கட்டில்மேல் ஏற்றினோம். அம்மா மட்டும் நேரே வாசல் கதவுக்குப் பின்னால் போனாள். கால் நனைவதற்கு முன்பே மெயினை இழுத்துவிட்டு, அதன்பிறகுதான் சாமி படத்தை எடுத்தாள். அந்த வெள்ளத்தில் மூழ்கி இறந்தவர்களோடு ஷாக் அடித்து இறந்தவர்களும் மும்பையில் இருந்தார்கள். தண்ணீர் ஏறிய பிறகு மெயினைத் தேடி அதற்குள் இறங்கக் கூடாது. ஏறுவதற்கு முன் அணைக்க வேண்டும், அல்லது வெளியேற வேண்டும்.

இன்று அந்தக் கட்டடம் இல்லை. திலக் நகரின் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிந்து கோபுரங்களாகிவிட்டன. நாங்களும் லிஃப்டில் ஏறுகிறோம். ஆனால் இங்கே வேறு விதமான மறதி. மெயின் போர்டு அழகைக் கெடுக்கிறதாம். அதன்மேல் ஒரு மர அலமாரி, அலமாரி முன்னால் ஒரு ஷூ ரேக். தெரிந்தவர்கள் நாலு வீட்டில் கேட்டுப் பார்த்தேன். இரண்டு வீட்டில் பிள்ளைகளுக்கு அது எங்கே என்று தெரியவில்லை.

2018 டிசம்பர் 27 மாலை எங்கள் திலக் நகரிலேயே சர்கம் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் பிடித்த தீயில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள். 2024 அக்டோபர் 6 விடியற்காலையில் செம்பூர் சித்தார்த் காலனியில், கீழே கடையும் மேலே வீடுமான கட்டடத்தில், பிள்ளைகள் உட்பட ஒரே குடும்பத்தில் ஏழு பேர் போனார்கள். மாடி வீடானாலும் குடிசையானாலும், தீ பெரிதான பிறகு செய்ய முடிவது கொஞ்சம்தான். பெரிதாகும் முன் வீடு தரும் அடையாளங்களைத்தான் பிடிக்க வேண்டும். தொட்டால் சுடும் சுவிட்ச் போர்டு. ப்ளக்கைச் சுற்றிக் கருப்புத் தடம். பிளாஸ்டிக் கருகும் வாடை. போர்டுக்குள் உஸ்ஸென்ற சத்தம். ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்ததும் மங்கும் விளக்கு. போட்டால் மறுபடி விழும் எம்.சி.பி. விழுகிற எம்.சி.பி.யைக் குச்சி கொடுத்து நிறுத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்பாவின் செம்புக் கம்பியேதான் அது.

தீயே பிடித்துவிட்டால் தண்ணீரை ஊற்றக் கூடாது. மெயினை அணைத்து, சின்னத் தீயானால் மணல் அல்லது பவுடர் தீயணைப்பான். இல்லையென்றால் கதவைச் சாத்திவிட்டுப் படியில் இறங்கி 101க்குப் போன் செய்யுங்கள். லிஃப்ட் வேண்டாம். ஆளைப் பிடித்திருந்தால் முதலில் மெயின். அதை எட்ட முடியாவிட்டால் காய்ந்த பலகை மேல் நின்று காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிட வேண்டும். இழுக்கக் கூடாது. இது வீட்டு 230 வோல்ட்டுக்கு மட்டும். தெருவில் அறுந்து விழுந்த கம்பிக்கு அருகிலேயே போகக் கூடாது. மின்சாரம் அணைந்த பிறகு மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒருவர் 108க்கோ 112க்கோ பேசட்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, 5 சென்டிமீட்டர் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்கட்டும். உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. ஆர்.சி.சி.பி. போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் எங்காவது வழி தவறினால், உங்கள் உடம்பு வழியாகப் போனாலும்கூட, கண் இமைக்கும் முன் அணைத்துவிடும். இரண்டு ஒயரையும் ஒருசேரத் தொட்டால் மட்டும் அதற்குத் தெரியாது. 2010ல் மத்திய மின்சார ஆணையம் வகுத்த பாதுகாப்பு விதிகள் இத்தகைய கருவியைக் கட்டாயமாக்கின. ஆனால் 5 கிலோவாட்டுக்குக் குறைந்த சாதாரண இணைப்புகளுக்கு விலக்கு அளித்தன. ஓர் அறை வீட்டுக்காரனும் தாராவிக் குடிசைக்காரனும் 5 கிலோவாட்டை எங்கே எட்டப் போகிறார்கள்? ஈரத் தரையும் பழைய ஒயரும் இரும்பு பக்கெட்டும் யாரிடம் இருக்கிறதோ அவர்களைத்தான் அந்த விதி வெளியே நிறுத்தியது. நாட்டில் 2021ல் மட்டும் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12,000 பேருக்கும் மேல். விதி கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல மொபைல் போன் விலையில் கால்வாசிகூட ஆகாது அந்தப் பெட்டி. மாட்டிய பின் அதன் டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. உள்ளங்கையில் அந்தக் கோடு மட்டும் வெளுத்துத் தெரிகிறது. போன மாதம் வீட்டு வேலைக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். சமையலறையைக் காட்டப் போன என்னை அம்மா நிறுத்தினாள். தடுமாறி எழுந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப் போனாள். அலமாரியைத் திறந்து, தனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னாள்:

"ஹா மெயின். யாருக்கு என்ன ஆனாலும் ஆதி இதை பந்த் கர். அப்புறம் ஓடு."